சமையலறையில் கிடந்த இடைக்குரல்

ஆர்டித் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது லியோ மாமாவை அடக்கம் செய்த அன்று, மாதா கோவில் கூடத்துச் சாப்பாட்டில். லியோ மாமா என் அம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவர். அவருடைய கடைசி மகன் வெர்லின். ஹில்டா பெரியம்மா தட்டு நிறைய ஹாமும் உருளைக்கிழங்கு சாலட்டும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வெர்லின் ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கான், தெரியுமா? பேரு ஆர்டித். கோல்ட்வாட்டர் ஊருப் பக்கம். சாவுச் செய்தியை அந்த வீட்டுக்குப் போன்ல நான்தான் சொன்னேன். ஆம்பளைக் குரல் கேட்டுது. 'ஐயா, கொஞ்சம் உங்க பொண்ணைக் கூப்பிடுங்க'ன்னேன். 'நான்தாங்க அந்தப் பொண்ணு'ன்னுது. துக்கத்துல இருக்கிறவ நான், ஆனாலும் சிரிப்பை அடக்க முடியல."

மறு வசந்தத்தில் கல்யாணம் நடந்தது. ஆர்டித் உயரமானவள், பெரிய கைகள், குறைந்த பேச்சு. பேசினால் குரல் தரையிலிருந்து எழும்பி வரும். கடைகளுக்குப் போன் செய்தால் எதிர்முனையில் "சொல்லுங்க சார்" என்பார்கள். அவளும் திருத்தமாட்டாள். "சார்னாதான் சாமான் சீக்கிரம் அனுப்பறாங்க" என்பாள்.

வெர்லின் பால் லாரி ஓட்டினான். ஆனால் அவனைக் கேட்டால் தன்னை லாரிக்காரன் என்று சொல்லிக்கொள்ளமாட்டான், பாட்டுக்காரன் என்பான். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு சலூன் பாட்டுப் பைத்தியம் உண்டு. ஒரு காலத்தில் முடிவெட்டக் காத்திருந்தவர்கள் பாடிப் பாடி வந்ததாம் அது. வாத்தியம் கிடையாது. நான்கு பேர் நெருங்கி நிற்பார்கள். ஒருவர் மெட்டைப் பாடுவார். அவருக்கு மேலே ஒருவர், அடியில் ஒருவர். நான்காவது ஆள் இடைக்குரல். மற்ற மூவரும் எடுத்துக்கொண்டது போக எந்தச் சுரம் மிச்சமோ அது அவருக்கு. வெர்லின் இடைக்குரல். கிளீட்டஸ் மெட்டு, நார்பர்ட் அடிக்குரல், அர்பன் ஹோயிங் மேல்குரல். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஒரே மாதிரிக் கட்டம் போட்ட மேல்சட்டை மாட்டிக்கொண்டு பாட்டுச் சங்க மாநாட்டுப் போட்டிக்குப் போவார்கள். பரிசு ஒன்றும் வந்ததில்லை. திரும்பி வந்து ஒரு மாதம் அதையே பேசுவார்கள்.

இடைக்குரலைத் தனியாகக் கேட்டால் அது பாட்டாகவே இருக்காது. ஒரே சுரத்தில் நின்று இழுக்கும், திடீரென்று ஏறும், காரணமில்லாமல் இறங்கும். அதைத்தான் வெர்லின் தன் வீட்டுச் சமையலறையில் காலையும் மாலையும் பாடிப் பழகினான். ஆர்டித் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள், பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டாள். அவளுக்கு வேலை முட்டைக் கிடங்கில். இருட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு முட்டையாக விளக்குக்கு முன்னால் பிடித்து, உள்ளே ரத்தப்புள்ளி இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது. கை அது பாட்டுக்கு வேலை செய்ய, வாய் வெர்லின் பாடுவதையே முனகும். என் நாத்தனாரும் அங்கேதான் இருந்தாள். "ஆர்டித், அது என்ன பாட்டுடி? கோழிக்கு வயித்துவலி வந்த மாதிரி இருக்கு" என்பாளாம்.

அவள் நடு மகளின் ஞானஸ்நான விருந்தில் ஒரு கூத்து நடந்தது. எல்லோரும் சேர்ந்து பாடலாம் என்று யாரோ சொல்ல, ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த மேபிள் மரத்துப் பாட்டை எடுத்தார்கள். ஆர்டித் பக்கத்தில் நின்றதால் அவளைத் தொடங்கச் சொன்னார்கள். அவள் நம்பிக்கையோடு தொடங்கினாள். சொல் சரி, மெட்டுதான் எங்கேயோ போயிற்று. கூடம் முழுக்கச் சிரிப்பு. வெர்லின் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அடி பைத்தியம், அது என் குரல். பாட்டு அது இல்ல." அத்தனை வருடமும் அதுதான் பாட்டு என்று அவள் நினைத்திருக்கிறாள். முகம் பீட்ரூட் மாதிரி ஆயிற்று. அதற்குப் பிறகு அவள் பூசையில்கூட வாய் திறந்து பாடியதில்லை. மாநாட்டுக்கும் ஒருமுறைகூடப் போனதில்லை. வெர்லினும் வா என்று வற்புறுத்தியதில்லை.

அர்பன் ஹோயிங் சோளம் அறுக்கும் இயந்திரத்தில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போனான். அடக்கத்தில் மூன்று பேரும் பாட முயன்று பாதியில் நிறுத்தினார்கள். மேலே ஓட்டை விழுந்த கூரை மாதிரி இருந்தது. ஒரு வருடம் சும்மா இருந்தார்கள். அதற்குள் பாட்டுச் சங்கம் ஆணும் பெண்ணும் ஒரே குழுவில் நின்று போட்டியிடலாம் என்று விதியை மாற்றிவிட்டது. கிளீட்டஸ் ஒரு நாள் சொன்னான்: "அர்பன் பாகம் முழுசும் ரொசெல்லாவுக்குத் தெரியும். வண்டியில கூடவே பாடிக்கிட்டு வருவா."

ரொசெல்லா அர்பனின் விதவை. சின்ன உருவம். வாரம் தவறாமல் கடைக்குப் போய்த் தலைமுடி சுருட்டிக்கொள்பவள். ஆர்டித்தின் நெஞ்சில் நெருப்பு விழுந்தது அன்றுதான்.

பயிற்சி இனி ரொசெல்லா வீட்டுக் கீழறையில் என்றார்கள். சிமெண்டுத் தரை, ஓசை நன்றாகத் திரும்பி வருமாம். செவ்வாய்தோறும் வெர்லின் மாலையில் இன்னொரு முறை சவரம் செய்துகொண்டான். ஆர்டித் அவன் சட்டையை மோந்து பார்த்தாள். ரொசெல்லா வீட்டுக்கு ருபார்ப் தண்டு வைத்த இனிப்பு அப்பம் சுட்டுக் கொடுத்தனுப்பினாள். தட்டைத் திருப்பி வாங்கும் சாக்கில் பாதிப் பயிற்சியில் போய் நின்றாள். கீழே போகவில்லை, படிக்கட்டின் தலைப்பில் நின்று கேட்டுவிட்டு வந்தாள்.

அந்த வாரம் ஊறுகாய்க்கு வெள்ளரி நறுக்க என் வீட்டுக்கு வந்திருந்தாள். கத்தி பலகையில் இறங்கிய வேகம் சரியில்லை.

"இர்மா, உனக்குத் தெரியுமா? அவங்க பாடறப்போ ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்துக்கிட்டே நிக்கணுமாம். வாய் ஒரே மாதிரி திறந்தாத்தான் ஒட்டுமாம்."

"எப்பவும் அப்படித்தானே நின்னாங்க."

"அப்போ எதிர்ல நின்னது அர்பன். அவனுக்குப் பாதிப் பல்லு கிடையாது." இன்னொரு வெள்ளரியை எடுத்தாள். "என் வாயை எப்பப் பார்த்தான் இவன்? நான் பல்லு கட்டிக்கிட்டு வந்தேனே, அதையே மூணு வாரம் கழிச்சுத்தான் கவனிச்சான். 'சோளம் நல்லாக் கடிக்கறியே'ன்னான்."

"சிரிக்காதே ஆர்டித், விரலை வெட்டிக்கப் போற."

"நான் சிரிக்கல." நிஜமாகவே அவள் சிரிக்கவில்லை. "டொலீடோ மாநாட்டுக்கு இந்தத் தடவை நானும் போறேன். என் கண்ணால பார்க்கணும். நான் நினைக்கறது சரின்னா திரும்பி வீட்டுக்கு வரமாட்டேன். அங்கேருந்தே கோல்ட்வாட்டர், தங்கச்சி வீட்டுக்கு. நீ வண்டி ஓட்டு. அவன் அந்தக் குழு வேனில வரட்டும்."

"பிள்ளைங்க என்ன சொல்லும்?"

"பிள்ளைங்களுக்கே பிள்ளைங்க இருக்கு. சொல்லட்டும்."

பெட்டியில் குளிர்காலச் சட்டைகளையும் எடுத்து வைத்திருந்தாள். ஒரு சனி ஞாயிறுக்கு யாரும் அத்தனை துணி எடுக்கமாட்டார்கள். நான் அதைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.

டொலீடோவில் மாநாடு நடந்த ஓட்டல் முழுக்கப் பாட்டு. சாவி வாங்குமிடத்தில் நான்கு பேர், லிப்ட்டுக்குள் நான்கு பேர், காபிக்கு வரிசையில் நின்றவர்களில் நான்கு பேர். ஒருவர் வட்டமான சுருதிக் குழலை வாயில் வைத்து ஊதுவார், உடனே பக்கத்தில் நிற்கும் மூன்று பேர், பெயர்கூடத் தெரியாதவர்கள், சேர்ந்துகொள்வார்கள். முழுப்பாட்டு பாடமாட்டார்கள். பாட்டின் கடைசிச் சில வரிகள் மட்டும். அதற்கு வால் என்று பெயர். அங்கே கண்டிப்பான ஒரு வழக்கம் உண்டு. ஒரு குரலுக்கு ஒரே ஆள். நால்வர் வால் பாடும்போது ஐந்தாவதாக ஒருவர் வாயைத் திறக்கக் கூடாது. பாடி முடிந்த பிறகு கேட்டு, யாராவது விலகினால் அந்த இடத்தில் நிற்கலாம். இதையெல்லாம் வெர்லின் எத்தனையோ ஞானஸ்நானத்தில் சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம்.

போட்டி மதியம் நடந்தது. நாங்கள் நான்காவது வரிசையில் உட்கார்ந்தோம். ரொசெல்லாவுக்கும் அதே கட்டம் போட்ட மேல்சட்டை. அர்பனுடையதைப் பிரித்துச் சிறிதாக்கித் தைத்திருந்தாள். நான்கு பேரும் வளைந்து நின்றார்கள். வெர்லின் ரொசெல்லாவின் வாயையே பார்த்தான். முதல் பாட்டு சுமார். இரண்டாவது பாட்டின் முடிவில் நான்கு குரலும் ஒட்டின. அப்படி ஒட்டினால் மேலே ஐந்தாவதாக ஒரு குரல் கேட்கும். யாரும் பாடாத குரல், கண்ணாடி டம்ளரின் விளிம்பைத் தேய்த்தது போல. அதற்காகத்தான் இந்த மனிதர்கள் இத்தனை தூரம் வருகிறார்கள். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. நானும் எழுந்தேன். ஆர்டித் எழவில்லை.

"அவன் முகத்தைப் பார்த்தியா?" என்றாள்.

பார்த்தேன். ஐம்பது வருடமாகத் தெரிந்த முகம், அதில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

"மூணு பிள்ளை பெத்துக் கையில கொடுத்தேன். அப்பக்கூட அவன் முகம் அப்படி ஆகல." கைப்பையை எடுத்துக்கொண்டாள். "வண்டியைக் கொண்டா, இர்மா."

லிப்ட்டில் நான்கு பேர் பாடிக்கொண்டு கதவை மூடவிடாமல் நின்றார்கள். ஆர்டித் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படிக்கட்டுக் கதவைத் தள்ளினாள். நான் முழங்கால் வலியோடு பின்னால் இறங்கினேன்.

அங்கேயும் ஆட்கள். வெறும் சிமெண்டுச் சுவர், நல்ல எதிரொலி என்று பாட வந்தவர்கள். மிச்சிகனிலிருந்து வந்த பெவ் என்ற பருத்த பெண், மெட்டுக்காரி. ஹார்லன் என்று ஒரு நெட்டை ஆள், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அடிக்குரல். மேல்குரலுக்கு ஒரு ஒல்லிப் பெண். மூன்று பேர் படியை அடைத்துக்கொண்டு நான்காவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். யாராவது கிடைத்தால் என்ன பாடலாம் என்று பெவ் ஒரு வரியைப் பாடிக் காட்டினாள். மேபிள் மரத்துப் பாட்டின் வால்.

ஆர்டித் வழி கேட்க நின்றாள். கண்ணெல்லாம் நனைந்திருந்தது. ஆனால் அந்த வரியைக் கேட்டதும் அவள் உதடு அவளைக் கேட்காமலே அசைந்தது. முட்டைக் கிடங்கில் அசையுமே, அப்படி. லேசாக முனகல்கூட வந்தது.

பெவ் சட்டென்று திரும்பினாள். "ஏம்மா, உங்களுக்கு இடைக்குரல் தெரியுமா?"

"எனக்குப் பாட்டே தெரியாது. வழி விடுங்க."

"இப்ப முனகினீங்களே, அது என்ன?"

"அது பாட்டில்ல. என் வீட்டுக்காரர் சமையலறையில உளறறது."

ஹார்லன் சிரித்தார். "அம்மா, அந்த உளறலுக்காகத்தான் நாங்க அரைமணியா இந்தப் படியில தவம் கிடக்கிறோம்."

"கேட்டவங்க சிரிச்சுட்டாங்க, ஐயா. ஒரு கூடம் நிறைய."

"தனியாப் பாடினா யாரும் சிரிக்கத்தான் சிரிப்பாங்க" என்றாள் பெவ். "எங்க நடுவுல வந்து நில்லுங்க. ஒரே தடவை. பிறகு வழி விடறோம்."

வழி விட வேறு வகை இல்லாததால்தான் அவள் நின்றாள் என்று நினைக்கிறேன். ஹார்லன் சுருதிக் குழலை ஊதினார். ஆர்டித் தரையைப் பார்த்துக்கொண்டு தொடங்கினாள். அந்தத் தாழ்ந்த குரல், கடைக்காரர்கள் எல்லாம் சார் என்று அழைத்த குரல், அந்த மூன்று பேருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. அவள் நிமிர்ந்தாள். ஏறாத இடத்தில் ஏறி, இறங்காத இடத்தில் இறங்கிய அந்தக் கோணல் எல்லாம் எதற்காக என்று அவளுக்குக் கேட்டுவிட்டது. கடைசிச் சுரத்தைப் பிடித்தார்கள். மேலே அந்த ஐந்தாவது குரல் வந்து நின்றது. ஆர்டித் அண்ணாந்து படிக்கட்டின் மேல்தளத்தைப் பார்த்தாள், அங்கே யாரோ பெண் நின்று பாடுகிறாள் என்று நினைத்து.

"யாரும் இல்லம்மா" என்றார் ஹார்லன். "அது நம்மதான். இந்தக் குரலை இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"இன்னொரு தடவை" என்றாள் ஆர்டித்.

மறுபடி தொடங்கினார்கள். அப்போது மேல் கதவு திறந்து வெர்லின் வந்தான், பின்னால் ரொசெல்லா. எங்களைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வெர்லின் நாலு படி இறங்கி அப்படியே நின்றுவிட்டான். தன் பெண்டாட்டி ஒரு வட்டத்தின் நடுவே நிற்கிறாள். நெட்டையான ஒரு ஆள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவளும் அவன் வாயைப் பார்க்கிறாள். அவள் தொண்டையிலிருந்து வருவதோ வெர்லினின் சொந்தப் பாகம். அவனுக்கு என்ன ஆயிற்றோ, வழக்கம் எல்லாம் மறந்து, அதே இடைக்குரலைத் தானும் உரக்கப் பாடத் தொடங்கினான். எங்களுக்கெல்லாம் அந்த விதியைச் சொல்லிக் கொடுத்தவன்.

பெவ் கையை உயர்த்தி நிறுத்தினாள். பாட்டு அறுந்தது.

"அண்ணே, உங்களுக்கு மாநாடு புதுசா? இங்க இடைக்குரலுக்கு ஆள் இருக்காங்க."

"அது என் பெண்டாட்டி."

"இருக்கட்டும். ஒரு குரலுக்கு ஒரு ஆள்."

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். வெர்லினின் முகம் சிவந்தது, காதுவரை. ஆர்டித் பார்த்தாள். திரும்பி நின்று பெவ்வைப் பார்த்து, "முதல்லேருந்து" என்றாள். வெர்லின் வாயை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டான்.

முடிந்ததும் ஒல்லிப் பெண் தன் குழுவுக்கு மேடை நேரம் என்று ஓடினாள். ரொசெல்லா மெதுவாகக் கேட்டாள்: "மேல்குரலுக்கு நான் நிக்கலாமா?" எல்லோரும் ஆர்டித்தைப் பார்த்தார்கள். ஆர்டித் சற்று நகர்ந்து எதிரே இடம் விட்டாள்.

பிறகு நான்கைந்து வால் பாடினார்கள். ஆர்டித்துக்குத் தெரியாதது ஒன்றுகூட இல்லை. எல்லாம் அந்தச் சமையலறையில் கேட்டவை.

அன்று வெர்லின் குழு மூன்றாவதாக வந்தது. அடுத்த கட்டப் போட்டிக்கு ஒரு குழுதான் போகும். அதைப் பற்றி அவன் பேசவே இல்லை. குழு வேனை விட்டுவிட்டு என் வண்டியின் பின்இருக்கையில் ஏறிக்கொண்டான். ஆர்டித்தின் பெட்டி அவன் மடியில். அது ஏன் இவ்வளவு கனம் என்றும் கேட்கவில்லை. பைண்ட்லே ஊரைத் தாண்டினோம்.

"எப்ப கத்துக்கிட்ட?" என்றான்.

"நீ கத்துக்கிட்டப்போ."

"அது என் பாகம், ஆர்டித்."

"என் சமையலறையிலதானே போட்டு வச்சிருந்த."

இன்னும் சில மைல். "அந்த நெட்டையன் யாரு?"

"தபால்காரர்."

"உன் தோள்ல கை வச்சான்."

"சுருதி இறங்காம இருக்கத்தான் வச்சாராம். ரொசெல்லா உன் தோள்ல வைக்கறதில்லையா?"

பின்இருக்கையில் பெட்டி ஒருமுறை கிறீச்சிட்டது. ஆர்டித் என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் சொன்னாள்: "இர்மா, அவ வாயையே முழுக்கப் பார்த்துக்கிட்டு நின்னேன். முன்பல்லுல லிப்ஸ்டிக் ஒட்டியிருந்துது. அது கூட முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது. பாடறப்போ அங்க ஆளே இல்ல, சத்தம்தான் இருக்கு." கோல்ட்வாட்டருக்குத் திரும்பும் சாலை வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். "நேராப் போ" என்றாள்.

அதன் பிறகு வெர்லின் சமையலறையில் பாடுவதை நிறுத்திவிட்டான். கராஜுக்குள் போய்க் கதவை இழுத்து விட்டுக்கொண்டு, அடுத்த ஆண்டுப் போட்டிக்கான பாட்டைப் பழகினான். ஆர்டித் துணி உலர்த்துவதுபோல் போய்க் கதவோரம் நின்றாள் என்பது அவனுக்குத் தெரியாது. குழுவாகச் சேரலாம் என்று பெவ்வும் ஹார்லனும் ஆர்டித்துக்குப் போன் செய்தார்கள். ஒருவர் இரண்டு குழுவில் பாடலாம் என்பதால் ரொசெல்லா அவர்களோடும் சேர்ந்தாள். "என் புருஷன் குழுவில நீ இருக்கலாம்னா என் குழுவிலயும் இருக்கலாம்" என்று ஆர்டித்தே போய்க் கூப்பிட்டாள்.

அடுத்த மாநாட்டில் இரண்டு குழுவும் நின்றன. ஆர்டித் குழு இரண்டாவது, வெர்லின் குழு நான்காவது. கிளீட்டஸ் ஊருக்குத் திரும்பியதும் உணவுக்கடையில் எல்லோர் முன்னாலும், "வெர்லின், இனிமே நீ வீட்டுல இருந்து முட்டை பார்க்கறியா, அவளை நாங்க எடுத்துக்கறோம்" என்றான். வெர்லின் அன்று காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவன், கிளீட்டஸோடு கிறிஸ்துமஸ் வரை சரியாகப் பேசவில்லை.

ஹார்லனும் பெவ்வும் மிச்சிகனிலிருந்து வாரவாரம் வண்டி ஓட்டி வருகிறார்கள். வியாழக்கிழமைகளில் ரொசெல்லா வீட்டில் பயிற்சி. அன்று வெர்லின் என் வீட்டுக்கு வந்து உட்காருவான். தொலைக்காட்சியைப் பார்ப்பான், கடிகாரத்தைப் பார்ப்பான், பிறகு ரொசெல்லா வீட்டுக்குப் போன் செய்து, எப்போது முடியும், சாலையில் பனி விழுகிறதே என்பான். வெயில் கொளுத்தும் ஜூன் மாதத்தில்கூட ஒருமுறை அப்படிச் சொன்னான். போன வாரம் ஒரு ருபார்ப் அப்பம் கையில் வைத்திருந்தான், தானே சுட்டது, அடி கருகிப்போனது. அங்கே கொடுத்துவிட்டு, பிறகு தட்டை வாங்கப் போகவேண்டும் என்றான்.

ஆர்டித் அதே வீட்டில்தான் வெர்லினோடு இருக்கிறாள். முட்டைக் கிடங்கு வேலையை விட்டுவிட்டாள். வியாழன் மாலைகளில் ரொசெல்லாவின் கீழறையில் இருப்பாள்.